நாறும் மரம்

"கசக்காதீங்க சார், கை நாறும்" என்றார் உடன் வந்த வனக்காவலர். அவர் சொல்லி முடிப்பதற்குள் இலை என் விரல்களுக்கு நடுவே நசுங்கிவிட்டது. நீலகிரிச் சரிவில் ஒரு சோலையின் ஓரம் அது. பக்கத்து ஓடையில் மண் போட்டுத் தேய்த்துக் கழுவியும் வாடை விடவில்லை. மதியம் கட்டுச்சோற்றைப் பிரித்தபோதும் விரல் நுனியில் அது இருந்தது.

மரம் பெரியதல்ல. இரண்டாள் உயரம், இரு கைக்குள் அடங்குகிற அடிமரம். கிளைகளின் நுனியில் கொத்தாக இலை; நடுவே வெளிர்மஞ்சளில் பொடிப்பொடியாகப் பூ. பூவுக்கும் அதே வாடைதான். தாவரவியலில் இதன் இன்றைய பெயர் நோத்தபோடைட்டிஸ் நிம்மோனியானா. பழைய பெயர் மாப்பியா ஃபெடிடா. லத்தீனில் 'ஃபெடிடா' என்றால் நாறுவது. மகாராஷ்டிரத்து மலைக்காடுகளில் நர்க்யா என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும், இலங்கையிலும் இருக்கிறது. ஆனால் போகிற இடமெல்லாம் கண்ணில் படுகிற மரமாக இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதும் இந்த அத்தியாயத்துக்குள் வரும்.

இதன் பட்டையிலும் வேரிலும் ஒரு பொருள் இருக்கிறது. தனியாகப் பிரித்தால் வெளிர்மஞ்சள் ஊசிகளாகப் படியும். தண்ணீரில் அநேகமாகக் கரையாது. புற ஊதா விளக்கின் கீழே காட்டினால் பளிச்சென்று நீலமாக ஒளிரும். பெயர் கேம்ப்டோதெசின். புற்றுநோய் மருத்துவமனைகளில் கீமோ போடும் கூடத்துக்குள் போயிருப்பவர்கள் இதன் வாரிசைப் பார்த்திருக்கக்கூடும். பெருங்குடல் புற்றுநோயாளி ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும் இரினோடெகான் என்ற மருந்து, இந்த மூலக்கூறைச் சற்றே மாற்றிச் செய்தது. சினைப்பைப் புற்றுநோய்க்கும் ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்கும் தரப்படும் டோபோடெகானும் அப்படித்தான்.

நாற்றமடிக்கும் ஒரு காட்டுமரத்துக்கும் அந்தச் சொட்டு மருந்துக்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அதில் மருந்தைக் கண்டுபிடிக்கப் போன காலம் கொஞ்சம்தான். கண்டுபிடித்தது என்ன என்று புரிந்துகொள்ளத்தான் அதிக காலம் போனது.

கதை நம் மலையில் தொடங்கவில்லை. தென்சீனத்தில் ஷீ ஷு என்றொரு மரம் உண்டு. மகிழ்ச்சி மரம் என்று பொருள். தாவரவியல் பெயர் கேம்ப்டோதெக்கா அக்யூமினாட்டா. அதன் விதைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போயின. கலிபோர்னியாவில் சிக்கோ என்ற ஊரில், வேளாண் துறையின் தாவரத் தோட்டத்தில் சில மரங்கள் வளர்ந்து நின்றன. 1950களில் அதே துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் மன்ரோ வால் என்ற வேதியியலாளர் ஆயிரக்கணக்கான செடிகளை அலசிக்கொண்டிருந்தார். அவர் தேடியது புற்றுநோய்க்கு மருந்தல்ல. மூட்டுவாதத்துக்குக் கார்ட்டிசோன் அற்புத மருந்தாகப் பேசப்பட்ட காலம் அது. அதைச் செய்ய உதவும் ஸ்டீராய்டுகள் எந்தச் செடியில் கிடைக்கும் என்பதுதான் அவருடைய தேடல்.

1957ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்திலிருந்து ஜொனாதன் ஹார்ட்வெல் என்பவர் வாலைப் பார்க்க வந்தார். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் தாவரச் சாறுகளில் கொஞ்சம் எங்களுக்குத் தர முடியுமா, புற்றுக்கட்டிகள் மேல் சோதித்துப் பார்க்கிறோம் என்று கேட்டார். வால் ஆயிரம் சாறுகளை அனுப்பி வைத்தார். தன் வேலைக்குத் தேவையில்லை என்று தெரிந்த பிறகும் அவற்றை வீசி எறியாமல் வைத்திருந்ததுதான் இந்தக் கதையின் முதல் நல்ல காரியம் என்று எனக்குத் தோன்றும். அடுத்த ஆண்டு முடிவு வந்தது. சிக்கோவில் நின்ற சீன மரத்தின் சாறு எலிகளின் கட்டி மேல் அசாதாரணமாக வேலை செய்திருந்தது.

வால் 1960ல் வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் இன்ஸ்டிடியூட்டுக்கு மாறினார். இரண்டு ஆண்டு கழித்து, மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வானி அவரோடு வந்து சேர்ந்தார். சீன மரத்தின் கட்டையும் பட்டையுமாகச் சுமார் 20 கிலோ அவர்கள் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மூலிகையில் மருந்து தேடுவது என்றால் பெரும்பாலும் இந்த வேலைதான்.

கட்டையைத் தூளாக்கி, முதலில் ஹெப்டேனில் காய்ச்சிக் கொழுப்பையும் மெழுகையும் நீக்குவார்கள். பிறகு சாராயத்தில் காய்ச்சி வடிப்பார்கள். சாராயத்தை ஆவியாக்கிவிட்டால் பாத்திரத்தில் கரிய பிசுக்கு மிஞ்சும். அதில் நூற்றுக்கணக்கான பொருள்கள். எது வேலை செய்தது? பிசுக்கைத் தண்ணீரும் குளோரோஃபார்மும் ஊற்றிப் பிரிபுனலில் குலுக்கினால் சில பொருள்கள் தண்ணீரோடும் சில குளோரோஃபார்மோடும் போகும். இரண்டு அடுக்கையும் தனித்தனியாக, ரத்தப் புற்றுநோய் ஏற்றப்பட்ட எலிகளுக்குச் செலுத்துவார்கள். எந்த அடுக்கு வாங்கிய எலிகள் அதிக நாள் உயிரோடு இருக்கின்றனவோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட வேண்டும். வைத்துக்கொண்டதை மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும். மறுபடி எலிகளிடம் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் காத்திருப்பு. கண்ணுக்கும் மூக்குக்கும் அங்கே வேலை குறைவு. எலியின் ஆயுள்தான் வழிகாட்டி.

கேம்ப்டோதெசின் விஷயத்தில் இந்தப் பொறுமைக்கு இன்னொரு பலனும் இருந்தது. செடியில் ஆல்கலாய்டு இருக்கிறதா என்று பார்க்க வேதியியலாளர்கள் வழக்கமாக ஊற்றும் சோதனைத் திரவங்கள் இதற்கு நிறம் காட்டவில்லை. திரவத்தை மட்டும் நம்பியிருந்தால் "இதில் ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த குப்பிக்குப் போயிருப்பார்கள். ஆனால் எலிகள் வேறு சொல்லின. கிலோவுக்கு அரை மில்லிகிராம் முதல் நான்கு மில்லிகிராம் வரையிலான மருந்திலேயே, மருந்து பெறாத எலிகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் அவை வாழ்ந்தன. 1966ல் அந்த மூலக்கூறின் வடிவம் வெளியானது: ஐந்து வளையங்கள், ஒன்றோடொன்று ஒட்டி ஏறக்குறைய தட்டையாக. ஐந்தாவது வளையம் லாக்டோன் என்ற வகை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் கரையாத பொருளை நரம்பில் ஏற்ற முடியாது. ஆகவே அதைக் காரத்தோடு சேர்த்து, கரையக்கூடிய சோடியம் உப்பாக மாற்றி, 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் எலிகளில் கண்டதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ரத்த அணுக்கள் சரிந்தன. சிலருக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகி ரத்தமாகப் போனது. 1972ல் சோதனைகளை நிறுத்திவிட்டார்கள்.

என்ன தவறு நடந்தது? காரத்தில் கரைத்தபோது அந்த ஐந்தாவது வளையம் திறந்துகொண்டது. திறந்த வடிவம் தண்ணீரில் கரையும். ஆனால் புற்றுச் செல்லை அநேகமாக ஒன்றும் செய்யாது. மூடிய வளையம்தான் மருந்து. நோயாளியின் உடலில் ஏறியதெல்லாம் செயலற்ற வடிவம். அது சிறுநீரில் வந்து சேர்ந்தது; சிறுநீர் அமிலம். அமிலத்தில் வளையம் மறுபடி மூடிக்கொள்ளும். கட்டிக்குப் போய்ச் சேர வேண்டிய நஞ்சு சிறுநீர்ப்பையில் உயிர்பெற்று எழுந்தது. இதில் இன்னும் ஒரு நுணுக்கம் பிற்காலத்தில் தெரிய வந்தது. நம் ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் திறந்த வளையத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. அதனால் மூடிய வளையங்களும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகின்றன. எலியின் ஆல்புமின் அவ்வளவு இறுகப் பிடிப்பதில்லை. எலி பிழைத்ததற்கும் மனிதர் பிழைக்காததற்கும் ஒரு காரணம் இந்தப் பிடிமான வேறுபாட்டில் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எங்கே இதைப் பற்றிப் பேசினாலும் ஒருவராவது எழுந்து, அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் போதாதா என்று கேட்பார். வீட்டில் யாருக்காவது நோய் வந்திருக்கும். கேள்வியில் பதைப்பு இருக்கும். முள் சீத்தா இலை, பழம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் கையில் வைத்திருப்பார். அவர்களிடம் நான் சொல்வது இந்தச் சிறுநீர்ப்பையின் கதையைத்தான். ஒரு மூலக்கூறு புற்றுச் செல்லைக் கொல்கிறது என்றால் மற்ற செல்களையும் கொல்ல வல்லது என்றே பொருள். காக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இருப்பது மெல்லிய இடைவெளி. ஒரு வளையம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும், ஒரே மரத்தில் வேருக்கும் இலைக்கும் அளவு மாறும். கஷாயச் சட்டிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. முள் சீத்தாவிலும் அன்னோனாசின் என்ற பொருள் உண்டு. கரீபியன் தீவான குவாதலூப்பில் நடுக்குவாதத்தைப் போன்ற ஒரு நரம்பு நோய் அதிகமாக இருந்ததை ஆராய்ந்தவர்கள், 1999ல் அந்தக் குடும்பத்துப் பழங்களையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து உட்கொள்வதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். சோதனைக் குழாயில் புற்றுச் செல் செத்தது என்ற செய்தி, சமையலறை வரைக்கும் வந்து சேரக்கூடாத செய்தி.

மருந்தை உலகம் கைவிட்ட அதே 1972ல் மும்பையிலிருந்து ஒரு சிறு ஆய்வுக்கட்டுரை வந்தது. எழுதியவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரி, என். விஸ்வநாதன். கோவிந்தாச்சாரி சென்னைக்காரர், மாநிலக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து அதன் முதல்வராகவும் இருந்தவர். இந்தியத் தாவரங்களின் ஆல்கலாய்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வடிவம் கண்டு சொல்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர். பின்னர் மும்பை கோரேகாவில் சீபா ஆய்வு மையத்தின் இயக்குநரானார். அங்கேதான் மாப்பியா ஃபெடிடா அவர் மேசைக்கு வந்தது. நம் நாறும் மரத்துக்குள் இருந்தது சீன மரத்தில் இருந்த அதே கேம்ப்டோதெசின். அளவும் அதைவிடப் பலமடங்கு. கூடவே அதன் நெருங்கிய உறவுப் பொருள் ஒன்றும் இருந்தது.

இது ஏன் வியப்பு என்றால், சீன மரமும் நம் மரமும் தாவரக் குடும்ப வரிசையில் வெகுதூரம் தள்ளி நிற்பவை. பிறகு 1976ல் மூன்றாவது இடத்திலும் அது கிடைத்தது. ஓஃபியோரைசா முங்கோஸ் என்ற சிறு செடி. நம் ஊர்களில் கீரிப்பூண்டு என்பது. பாம்போடு சண்டையிட்ட கீரி இதைத் தேடிப் போகும் என்ற நம்பிக்கையால் வந்த பெயர். அது காப்பிச் செடியின் குடும்பம். மூன்று வெவ்வேறு குடும்பங்கள், ஒரே ஐந்து வளையங்கள். தற்செயலாக அமையக்கூடிய எளிய பொருளும் அல்ல இது.

அந்தக் கட்டுரை வெளியான நேரத்தில் அதற்குப் பெரிய வேலை இருக்கவில்லை. மருந்தே வேண்டாம் என்றான பிறகு மூலப்பொருள் எங்கே நிறைய இருந்தால் என்ன? பதின்மூன்று ஆண்டு அது அப்படியே கிடந்தது.

திருப்பம் 1985ல் வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெராய் லியூவும் கூட்டாளிகளும் கேம்ப்டோதெசின் செல்லுக்குள் போய் எதைப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதைப் புரிந்துகொள்ள ஒரு துண்டுக் கயிறு போதும். இரண்டு புரி திரித்த கயிற்றை எடுத்து ஒரு முனையைக் கட்டிவையுங்கள். மறுமுனையில் புரிகளைப் பிரித்துக்கொண்டே போங்கள். பிரிக்கப் பிரிக்க முன்னால் முறுக்கு ஏறும். கடைசியில் கயிறு சுருண்டு முடிச்சு விழும். டிஎன்ஏவும் இரண்டு புரிக் கயிறுதான். செல் பிரியுமுன் அதைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கப் புரி பிரிக்க வேண்டும். பிரித்தால் முறுக்கு ஏறும். முறுக்கைத் தளர்த்த ஒரு நொதி இருக்கிறது: டோபோஐசோமரேஸ் ஒன்று. அது ஒரு புரியை மட்டும் வெட்டி, கயிற்றைச் சுழல விட்டு, முறுக்குத் தளர்ந்ததும் வெட்டிய இடத்தைச் சேர்த்து ஒட்டிவிடும். எல்லாம் கண்ணிமைப்பதற்குள். கேம்ப்டோதெசின் சரியாக அந்த வெட்டுவாயில் போய், படிக்கட்டின் நடுவே செருகிய பலகைபோல உட்கார்ந்துகொள்கிறது. நொதியால் ஒட்ட முடியவில்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. பின்னாலேயே படியெடுக்கும் இயந்திரம் வந்து அதில் மோதும்போது இரண்டு புரியும் அறுந்து போகிறது. ஓயாமல் படியெடுத்துக்கொண்டே இருப்பவை புற்றுச் செல்கள். அதிகம் மோதுவதும் அவற்றில்தான்.

இவ்வளவு தெரிந்த பிறகு கைவிட்டதை எடுத்துச் சரிசெய்ய முடிந்தது. வளையம் திறக்காமல், அதே சமயம் நீரில் கரையும்படி, மூலக்கூறின் மறுபக்கத்தில் ஒட்டு வைத்தார்கள். இரினோடெகானை உருவாக்கியது ஜப்பானின் யாகுல்ட் நிறுவனம். சின்னக் குப்பிகளில் பாக்டீரியா சேர்த்த பால்பானம் விற்கும் அதே யாகுல்ட். ஜப்பானில் 1994லும் அமெரிக்காவில் 1996லும் அதற்கு அனுமதி கிடைத்தது. டோபோடெகானுக்கும் 1996லேயே. வால், வானி இருவருமே உயிரோடிருந்து அதைப் பார்த்தார்கள்.

இரினோடெகான் கடும் வயிற்றுப்போக்கைத் தரும். கல்லீரல் இந்த மருந்தின் வீரியமான பகுதியோடு ஒரு சர்க்கரையை ஒட்டிச் செயலற்றதாக்கிக் குடலுக்கு அனுப்புகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைக் கடித்துத் தின்றுவிடுகின்றன. நஞ்சு மறுபடி விழித்துக்கொண்டு குடலின் உட்சுவரை அரிக்கிறது. சர்க்கரை ஒட்டும் வேலை சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். அவர்களுக்கு இன்னும் மோசம். சிறுநீர்ப்பையில் நடந்த பழைய கதையின் மறுபதிப்பு இது. இன்றைக்கு இன்னொரு வழி வந்திருக்கிறது. கேம்ப்டோதெசின் வழிவந்த மூலக்கூறுகளில் எட்டை ஓர் எதிர்ப்புரதத்தின் முதுகில் ஏற்றி, அந்தப் புரதம் அடையாளம் காணும் செல்லுக்குள் மட்டும் இறக்கிவிடுகிற முறை. மார்பகப் புற்றுநோய்க்கு 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் அப்படிப்பட்டது. 20 கிலோ கட்டையில் தொடங்கியது இன்னும் முடியவில்லை.

மருந்து உயிர்பெற்றதும் மரத்துக்குச் சனி பிடித்தது.

கோவிந்தாச்சாரியின் பழைய கட்டுரைக்கு இப்போது வேலை வந்துவிட்டது. உலகத்தில் அதிகக் கேம்ப்டோதெசின் தரும் மரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்கிறது என்று எழுதி வைத்திருந்ததே அது. 1990களில் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மரங்களை வெட்டிச் சில்லுகளாக்கி மூட்டை மூட்டையாக வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். வேரிலும் தண்டிலும்தான் அதிகம் என்பதால் வேரோடு தோண்டுவதும் நடந்தது. வெட்டின மரம் அடியிலிருந்து துளிர்க்கலாம். வேரைத் தோண்டினால் துளிர்க்க எதுவும் இல்லை. கூலிக்கு வெட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூட்டைக்கு அவர்களுக்குக் கிடைத்ததையும், மருந்தாகிக் குப்பியில் இறங்கும்போது அதற்குப் போடப்படும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோபம் வேறு திசையில் போகும். இந்தியாவில் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2002ல்தான் வந்தது. அதைச் செயல்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. நர்க்யாவைப் பொறுத்தவரை அதற்குள் நிறைய மூட்டைகள் துறைமுகம் தாண்டியிருந்தன.

இதே வால், வானி இருவரும் கண்ட இன்னொரு மருந்தான டாக்சாலும் இந்தப் பாதையில்தான் போனது. 1962 ஆகஸ்டில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். மரம் வெட்டுகிறவர்கள் கழிவென்று ஒதுக்கிய சிறு மரம். 1971ல் வடிவம் தெரிந்தது, 1979ல் சூசன் ஹார்விட்ஸ் அது செல்லுக்குள் செய்யும் வேலையைச் சொன்னார், 1992ல் மருந்தானது. பட்டையை உரித்தால் மரம் சாகும். ஒரு கிலோ டாக்சாலுக்குச் சுமார் 10,000 கிலோ பட்டை வேண்டியிருந்தது. அங்கே மரத்தைக் காப்பாற்றியது, பிரான்சில் பியர் பொத்தியேவின் குழு ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் கண்ட ஒரு பொருள். இலையைப் பறித்தால் மரம் மறுபடி துளிர்க்கும். அந்தப் பொருளிலிருந்து டாக்சாலைச் செய்யும் வழி கிடைத்ததும் பட்டை உரிப்பது நின்றது. நித்தியகல்யாணிக்கு அந்த ஆபத்து வரவேயில்லை. ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் அதிலிருந்து வருகிறது. ஆனால் அது கல்லறை ஓரத்திலும் கரிசல் காட்டிலும் தானே வளரும் செடி, பயிராகவும் விதைக்கலாம்.

நாறும் மரத்துக்கு அப்படி ஒரு விடுதலை முழுதாக இன்னும் கிடைக்கவில்லை. கேம்ப்டோதெசினை ஆய்வுக்கூடத்திலேயே அடியிலிருந்து செய்யும் வழி 1971ல் வந்துவிட்டது. ஆனாலும் கணிசமான பங்கு இன்றும் மரங்களிலிருந்துதான் வருகிறது. சீன மரத்தில் பட்டையைவிடத் தளிர் இலையில் அதிகம் இருக்கிறது என்று 1990களில் கண்டார்கள். அது நல்ல செய்தி. பிறகு 2005ல் ஜம்முவின் ஆய்வாளர்கள் இன்னும் ஆசை காட்டும் ஒன்றைச் சொன்னார்கள். நாறும் மரத்தின் திசுவுக்குள் நோய் தராமல் குடியிருக்கும் ஒரு பூஞ்சை, தானும் கேம்ப்டோதெசின் செய்கிறது. தோசை மாவுபோலப் பூஞ்சையைப் புளிக்க வைத்து மருந்து எடுக்கலாம், மரத்தைத் தொடவே வேண்டாம் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பல ஆய்வுக்கூடங்கள் தேடின. வேறு பூஞ்சைகளும் கிடைத்தன. ஆனால் மரத்துக்கு வெளியே தட்டில் வளர்த்து, அதிலிருந்து அடுத்த தட்டு, அதிலிருந்து அடுத்தது என்று மாற்றிக்கொண்டே போனால், சில தலைமுறைகளில் பூஞ்சை செய்வதை நிறுத்திவிடுகிறது. சீன மரத்துப் பூஞ்சை ஒன்றை ஆராய்ந்த ஜெர்மானியக் குழு, மருந்து செய்ய வேண்டிய படிகளில் ஒன்றுக்கான நொதி அதனிடம் இல்லவே இல்லை என்று கண்டது. அந்த ஒரு படிக்கு அது மரத்தையே நம்பியிருந்திருக்கிறது.

மரம் இதை ஏன் செய்கிறது? பூச்சிகள் விரும்பிக் கடிக்கும் தளிரில் அதிகம் இருப்பதே பதில் போல. அப்படியானால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மரத்தின் செல்லிலும் டிஎன்ஏ இருக்கிறது; முறுக்கைத் தளர்த்தும் அதே நொதியும் இருக்கிறது. இவ்வளவு நஞ்சைத் தன் பட்டைக்குள் வைத்துக்கொண்டு மரம் எப்படிச் சாகாமல் நிற்கிறது?

ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் கசுகி சைட்டோவின் குழு 2008ல் அதற்கு விடை சொன்னது. சீன மரத்திலும், கீரிப்பூண்டின் ஜப்பானிய உறவுச் செடிகளிலும் அந்த நொதியைப் பிரித்து அதன் அமினோ அமில வரிசையைப் படித்தார்கள். கேம்ப்டோதெசின் போய் உட்காரும் இருக்கையில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மனித நொதியில் 765 அமினோ அமிலங்கள் உண்டு. அந்தக் கணக்குப்படி 722ஆவது இடம். அங்கே அஸ்பராஜின் இருக்க வேண்டும். இந்தச் செடிகளில் செரின் இருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் நஞ்சுக்கு உட்கார இடமில்லாமல் போகிறது. நொதி வழக்கம்போல வெட்டி ஒட்டிக்கொண்டு போகிறது.

அந்த 722ஆவது இடம் ஆய்வாளர்களுக்கு முன்பே பழக்கமான இடம். ஆய்வுக்கூடத்தில் மனித ரத்தப் புற்றுச் செல்களைக் கேம்ப்டோதெசினில் நெடுநாள் வளர்த்தபோது, பெரும்பாலானவை செத்து ஒரு சில மட்டும் மருந்துக்கு அசையாமல் தப்பித்தன. தப்பித்த செல்களின் நொதியை முன்னர் படித்திருந்தார்கள். 722ல் அஸ்பராஜின் போய் செரின் வந்திருந்தது. மருந்தை ஏமாற்றப் புற்றுச் செல் சில மாதங்களில் கண்டுபிடித்த வழியை, மரம் மனிதர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

இதைப் படித்த பிறகு அந்த மரத்தை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. அதன் பட்டையில் ஒரு மருந்து மட்டும் இல்லை. அந்த மருந்து எங்கே தோற்கும் என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கிறது. பட்டையைச் சில்லாக்கிக் கொதிக்க வைக்கிற வேலையில் நமக்குக் கிடைப்பது முதலாவது மட்டும். இரண்டாவதைப் படிக்க மரம் உயிரோடு, தளிர்விட்டு, பூஞ்சைகளோடும் பூச்சிகளோடும் தன் இடத்தில் நிற்க வேண்டும்.

அன்று திரும்பி இறங்கும்போது வனக்காவலர் பாதையோரம் குனிந்து ஒன்றைக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லாத நாற்று, நாலே இலை. "இதுவும் அதுதான் சார். விதை விழுந்து தானா வந்திருக்கு." சுற்றியிருந்த செத்தைகளைக் கையால் ஒதுக்கி, மாடு மிதிக்காமல் இரண்டு கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இந்த முறை நான் இலையைத் தொடவில்லை.